மண்மேடு மட்டும் மிஞ்சிய கோட்டை: ஹென் டோமன் காட்டும் மரக்கோட்டைகளின் காலம்

வேல்ஸ் நாட்டின் கிழக்கு எல்லையில், மான்ட்காமரி என்ற சிற்றூருக்கு வடமேற்கே ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் தொலைவில், மரங்கள் அடர்ந்த ஒரு மண்மேடு இருக்கிறது. உயரம் சுமார் 8 மீட்டர். அதை ஒட்டிக் கிழக்குப் பக்கமாக நீள்வட்ட வடிவில் ஒரு முற்றம் விரிகிறது. மேட்டையும் முற்றத்தையும் சேர்த்து இரட்டை மண்கரைகளும் அகழிகளும் சூழ்ந்திருக்கின்றன. கல் ஒன்றின் மேல் ஒன்று நிற்கும் சுவர் எதுவும் அங்கே கிடையாது. ஹென் டோமன் என்று அழைக்கப்படும் இந்த இடம், 11ஆம் நூற்றாண்டில், பிரான்சின் வடக்கே உள்ள நார்மண்டியிலிருந்து வந்த நார்மானியர்கள் இங்கிலாந்தையும் வேல்ஸின் எல்லைப் பகுதியையும் பிடித்தபோது எழுப்பிய நூற்றுக்கணக்கான கோட்டைகளில் ஒன்றின் எச்சம். வெளித்தோற்றத்தில் அவற்றில் பலவற்றைவிடச் சிறியதும் எளியதுமான இந்தக் கோட்டைதான், அந்த வகைக் கோட்டைகள் உண்மையில் எப்படி இருந்தன என்பதைப் பற்றிய நம் அறிவில் பெரும்பங்கைத் தந்திருக்கிறது.

இந்த வகைக் கோட்டைக்கு இரண்டு உறுப்புகள். ஒன்று, செயற்கையாகக் குவித்தோ இயற்கைக் குன்றைச் செதுக்கியோ அமைத்த செங்குத்தான மேடு. ஆய்வாளர்கள் இதை மோட் என்பார்கள். மற்றொன்று, மேட்டின் அடிவாரத்தில் கரையும் வேலியும் அகழியும் சூழ அமைந்த முற்றம், அது பெய்லி. மேட்டின் உச்சியில் ஒரு மரக்கோபுரமும், அதைச் சுற்றி நெருக்கமாக நட்ட மரக்கம்பங்களின் அரணும் இருக்கும். முற்றத்தில் கூடம், சமையற்கட்டு, குதிரை லாயம், களஞ்சியம், வழிபாட்டுக்கூடம், வீரர்களின் இருப்பிடங்கள் ஆகியவை இருக்கும். முற்றத்திலிருந்து மேட்டுக்குச் செல்ல அகழியைக் கடந்து மேல்நோக்கி ஏறும் மரப்பாலம் ஒன்று உண்டு. முற்றம் வீழ்ந்தாலும் அந்தப் பாலத்தைத் துண்டித்துவிட்டு மேட்டின் மேல் கடைசிவரை தாக்குப்பிடிக்கலாம் என்பதே அமைப்பின் நோக்கம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டும் 700க்கும் மேற்பட்ட மேடுகள் கணக்கிடப்பட்டுள்ளன.

இத்தனை எச்சங்கள் இருந்தும், 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை இவற்றை யார் கட்டினார்கள் என்பதிலேயே குழப்பம் நிலவியது. கோட்டை ஆய்வில் அக்காலத்தில் பெருமதிப்புப் பெற்றிருந்த ஜி. டி. கிளார்க், இவை நார்மானியர்களுக்கு முற்பட்ட ஆங்கிலோ-சாக்சன் தலைவர்களின் அரண்கள் என்று கருதினார். அதை ஆவணங்களைக் கொண்டும் களத்தில் நேரில் பார்த்தும் மறுத்து, இவை 1066க்குப் பின் வந்த நார்மானியர்களின் வேலை என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவியவர் எல்லா ஆர்மிடேஜ். பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாமல், ஒவ்வொரு மேடாகத் தேடிச் சென்று அவர் எட்டிய முடிவு பெருமளவுக்கு இன்றும் அசையாமல் நிற்கிறது. சில மேடுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. மார்ல்பரோவில் கோட்டையின் அடித்தளமாக விளங்கிய 19 மீட்டர் மேட்டைத் துளையிட்டு எடுத்த கரித்துண்டுகள், அது கி.மு. 2400 வாக்கில் எழுப்பப்பட்டது என்று 2011இல் காட்டின. யார்க்‌ஷயரில் உள்ள ஸ்கிப்சீ மேடும் இரும்புக் காலத்தைச் சேர்ந்தது என்று பின்னர் தெரியவந்தது. கண்ணில் பட்ட பழைய மேட்டை நார்மானியர்கள் வீணாக்கவில்லை என்பதற்கு இவை சான்று.

ஹென் டோமனைக் கட்டியவர் ரோஜர் டி மான்ட்காமரி. 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மானிய மன்னர் வெற்றிவேந்தன் வில்லியமின் நெருங்கிய துணைவர்களில் ஒருவர்; ஷ்ரூஸ்பரியின் பிரபுவாக வேல்ஸ் எல்லையின் நடுப்பகுதி அவருடைய பொறுப்பில் வந்தது. நார்மண்டியில் தன் குடும்பத்துக்கு உரிய மான்ட்காமரி என்ற இடத்தின் பெயரையே புதிய கோட்டைக்கும் வைத்தார். கட்டியது 1071க்கும் 1074க்கும் இடையில் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். இடத்தேர்வு தற்செயலானது அல்ல. அருகில் செவர்ன் ஆற்றைக் கால்நடையாகக் கடக்கக்கூடிய ரிட்விமன் துறை இருக்கிறது. நடு வேல்ஸுக்குள் செல்லும் வழி அந்தத் துறை வழியாகத்தான் போகிறது. இரு நூற்றாண்டுகள் கழித்து, 1267இல், இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றிக்கும் வேல்ஸின் இளவரசர் லூவெலின் ஆப் கிரிஃபித்துக்கும் இடையிலான மான்ட்காமரி உடன்படிக்கை உறுதிசெய்யப்பட்டதும் அதே ஆற்றுத்துறையில்தான். துறையைக் கையில் வைத்திருப்பவர் கையில் எல்லை இருந்தது.

1086இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே நிலப்பதிவேடு இந்தக் கோட்டையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அதைச் சார்ந்த நிலங்கள், நார்மானியர் வருவதற்கு முன் ஆண்ட எட்வர்ட் மன்னரின் காலத்தில் மூன்று ஆங்கிலத் தலைவர்களின் கையில் வரியின்றி இருந்தன, அவர்கள் அவற்றை வேட்டைக்குப் பயன்படுத்தினார்கள் என்றும் அது சொல்கிறது. சுருக்கமான குறிப்புதான். ஆனால் அகழாய்வு இந்தக் குறிப்புக்கு எதிர்பாராத விளக்கம் தந்தது. கோட்டை முற்றத்தின் கரைக்கு அடியில், நார்மானியர் வருவதற்கு முன்பே உழப்பட்ட வயலின் வரப்பும் சாலும் அப்படியே பதிந்து கிடந்தன. கரையை எழுப்பியவர்கள் கொட்டிய மண் அந்த வயலை மூடிக் காப்பாற்றியிருந்தது. அங்கே முன்பு உழவர்கள் இருந்தார்கள், பின்னர் அந்த நிலம் தரிசாகிப் புதர் மண்டியது, வேட்டைக்காடு ஆனது, அதன் மேல் கோட்டை வந்தது. எல்லைப் போர்களில் மக்கள் ஊரைவிட்டு ஓடிய கதை இந்த வரிசைக்குள் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

கோட்டை எழுப்பியது யாருடைய உழைப்பு, யாருடைய இழப்பு என்ற கேள்வியையும் விட்டுவிட முடியாது. இதே ரோஜர் ஷ்ரூஸ்பரி நகரில் கட்டிய கோட்டைக்காக 51 மனைகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. அந்த மனைகள் போன பின்பும், எட்வர்ட் மன்னர் காலத்தில் கட்டிய அதே வரியை முழுமையாகக் கட்ட வேண்டியிருக்கிறது என்று நகரத்து ஆங்கிலேயர்கள் முறையிட்டது டூம்ஸ்டே பதிவேட்டிலேயே இருக்கிறது. லிங்கனில் கோட்டைக்காக அழிந்த மனைகள் 166, நாரிச்சில் 98. நார்மானியர்கள் நாடெங்கும் கோட்டைகள் கட்டி ஏழை மக்களை வதைத்தார்கள் என்று ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பு எழுதியிருப்பது வெறும் புலம்பல் அல்ல. மேட்டைக் குவித்த ஒவ்வொரு கூடை மண்ணும் யாரோ ஒருவர் கட்டாயத்தின் பேரில் சுமந்தது.

மேடு கட்டும் முறை ஒரு கலை. வட்டமாக அகழி வெட்டி, அந்த மண்ணை உட்பக்கம் வீசிக் குவிப்பது அடிப்படை. அப்படி வெறுமனே குவித்தால் முதல் மழையிலேயே சரிந்துவிடும். எனவே களிமண், சரளை, கல், மறுபடி களிமண் என்று அடுக்கடுக்காகப் பரப்பி, ஏரிக்கரையை மிதித்துக் கெட்டிப்படுத்துவது போல ஒவ்வொரு அடுக்கையும் இறுக்க வேண்டும். நார்மானிய வெற்றியின் கதையைச் சொல்லும் பேயோ தையல் சித்திரத்துணியில் ஹேஸ்டிங்ஸ் கோட்டை கட்டும் காட்சியில் மேடு வெவ்வேறு நிறப் பட்டைகளாக வரையப்பட்டிருப்பது இந்த அடுக்குகளைத்தான் காட்டுகிறது என்று பலர் கருதுகிறார்கள். அந்தக் காட்சியில் மண்வெட்டிகளுடன் நிற்கும் வேலையாட்களில் இருவர் ஒருவரையொருவர் மண்வெட்டியால் அடித்துக்கொள்கிறார்கள் என்பதையும் தையற்காரர்கள் விட்டுவைக்கவில்லை. அதே துணியில் பிரிட்டனியின் டினான் கோட்டை தாக்கப்படும் காட்சியும் உண்டு: வீரர்கள் இருவர் தீப்பந்தங்களால் மர அரணுக்குத் தீ வைக்கிறார்கள், உள்ளே சிக்கிய கோனன் பிரபு ஈட்டி முனையில் சாவியை மாட்டி நீட்டிச் சரணடைகிறார்.

தீ பிடிக்கும், மழையில் உளுத்துப்போகும் என்று தெரிந்தும் ஏன் மரம்? வழக்கமாகச் சொல்லப்படும் விடை, அவசரம் என்பது. அந்நிய நாட்டில் பகைவர் நடுவே இறங்கிய படைக்குக் கல் வெட்டி, சுண்ணாம்பு சுட்டு, பல ஆண்டுகள் காத்திருக்க நேரமில்லை. 1069இல் யார்க் நகரின் இரண்டாம் கோட்டையை வில்லியம் 8 நாட்களில் எழுப்பியதாகச் சொல்லப்படுகிறது. இது உண்மை, ஆனால் பாதி உண்மை. மறுபாதி மண்ணில் இருக்கிறது. புதிதாகக் குவித்த மேடு பல ஆண்டுகளுக்கு அமிழ்ந்துகொண்டே இருக்கும். அதன் மேல் கனத்த கற்சுவர் எழுப்பினால் சுவர் பிளக்கும். யார்க்கின் முதல் மேட்டின் மீது 13ஆம் நூற்றாண்டின் நடுவில், அதாவது மேடு எழுந்து பல தலைமுறைகளுக்குப் பிறகு கட்டப்பட்ட கற்கோபுரம்கூட 1360இல் இரண்டு இடங்களில் மேலிருந்து கீழ்வரை பிளந்திருந்ததாகப் பதிவு உள்ளது. மரச்சட்டகமோ மண் அமிழும்போது சற்று வளைந்து கொடுக்கும். ஒரு தூண் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். செயற்கை மேட்டுக்கு மரமே பொருத்தமான பொருள்.

யார்க்கின் அந்த மேட்டுக்கு மரம் எரிந்ததன் வேறொரு நினைவும் உண்டு. 1190 மார்ச்சில், நகரக் கும்பலுக்கு அஞ்சி அங்கிருந்த கோபுரத்துக்குள் தஞ்சம் புகுந்த யூதர்கள் ஏறத்தாழ 150 பேர் மாண்டார்கள். பலர் கும்பலின் கையில் சிக்குவதைவிடத் தம் கையாலேயே சாவதைத் தேர்ந்தார்கள். கோபுரமும் எரிந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேட்டுக்குள் தோண்டியபோது கருகிய மரத்தின் எச்சங்கள் வெளிப்பட்டன.

மரக்கோபுரங்கள் எப்படி இருந்தன என்பதற்கு எழுத்துச் சான்றுகள் அரிது. இருப்பவற்றில் இரண்டு பிரான்சின் வடக்கு, ஃபிளாண்டர்ஸ் பகுதிகளைச் சேர்ந்தவை. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்ட்ரஸ் என்ற இடத்தில் ஒரு தச்சர் மேட்டின் மீது கட்டிய மரவீட்டை, 1200 வாக்கில் எழுதிய லாம்பர்ட் என்ற பாதிரியார் அறை அறையாக விவரிக்கிறார். தரைத்தளத்தில் நிலவறைகள், தானியக் கிடங்குகள், பீப்பாய்கள். நடுத்தளத்தில் பிரபுவும் மனைவியும் உறங்கும் பெரிய அறை, பணிப்பெண்களும் குழந்தைகளும் தங்கும் அறை, நோயுற்றவர்களுக்கும் பால் மறந்த குழந்தைகளுக்கும் கதகதப்பு தர அதிகாலையில் தீ மூட்டும் தனியறை. மேல்தளத்தில் பிள்ளைகளின் அறைகளும் காவலர் அறைகளும். கிழக்குப் பக்கத்தில் ஒரு வழிபாட்டுக்கூடம். போர்க்கருவியாக மட்டும் நாம் எண்ணிக்கொள்ளும் கோபுரம் ஒரு குடும்பத்தின் வீடாகவும் இருந்திருக்கிறது. மற்றொரு சான்று, தெரூவான் ஆயர் ஜானின் வாழ்க்கைக் குறிப்பு. மெர்க்கெம் கோட்டைக்கு அவர் வந்து திரும்பும்போது, அகழியின் மேல் உயர்ந்து நின்ற பாலத்தில் கூட்டம் கூடியதால் பாலம் முறிந்து, ஆயர் உட்பட எல்லோரும் அகழிக்குள் விழுந்ததையும் யாருக்கும் பெரிய காயம் இல்லாததையும் அது அற்புதமாகப் பதிகிறது. அந்த அற்புதத்தைச் சொல்வதற்காகத்தான் மேடு, அகழி, அரண், பாலம் எல்லாவற்றையும் எழுதியவர் விவரிக்கிறார். அது நமக்குக் கிடைத்த வரம்.

மண்ணுக்குள்ளிருந்து இந்த உலகத்தை மீட்கும் முயற்சி 20ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கியது. 1949இல் சர்ரே பகுதியின் ஆபிங்கரில் பிரையன் ஹோப்-டெய்லர் ஒரு மேட்டின் உச்சியைத் திறந்தபோது, சிறிய சதுரக் கோபுரத்தின் கம்பக்குழிகளும் அதைச் சூழ்ந்த அரணின் குழிகளும் தெளிவாகக் கிடைத்தன. 1960களில் சவுத் மிம்ஸில் ஜான் கென்ட் நடத்திய அகழாய்வு அதைவிட வியப்பானது. அங்கே கோபுரம் மேட்டின் மேல் கட்டப்படவில்லை. கோபுரத்தைத் தரையிலேயே எழுப்பி, அதன் கீழ்ப்பகுதியைச் சுற்றி மண்ணைக் குவித்து, மண் சரியாதபடி வெளிப்பக்கத்தையும் மரத்தால் அணைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் அங்கே நின்று பார்த்தவருக்கு மண்ணே தெரிந்திருக்காது. இன்று நாம் பார்க்கும் பச்சைக் கூம்பு, பெரும்பாலும் உடை களைந்த உடல்.

ஹென் டோமனில் ஃபிலிப் பார்க்கர் 1960இல் தொடங்கிய வேலை, பின்னர் ராபர்ட் ஹையமும் சேர்ந்து, 1992 வரை கோடைதோறும் தொடர்ந்தது. ஒரே சிறு கோட்டையின் முற்றத்தில் பாதியைத் தோண்ட முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஏன் ஆயிற்று என்பதைச் சற்று விளக்க வேண்டும். நட்ட கம்பத்தின் தடம் எளிது: குழி தோண்டி, கம்பத்தை நிறுத்தி, சுற்றிலும் கல்லும் களிமண்ணும் திணித்திருப்பார்கள், கம்பம் உளுத்ததும் அது நின்ற வெற்றிடத்தில் கருமையான நொய்ந்த மண் இறங்கும், குறுக்கே வெட்டினால் வட்டத்துக்குள் வட்டமாகத் தெரியும். ஆனால் எல்லாக் கட்டடமும் கம்பம் நட்டுக் கட்டப்படுவதில்லை. தரையில் கிடத்திய விட்டத்தின் மேல் சட்டகத்தை நிறுத்தி, வரிச்சு கட்டி மண் அப்பிய வீடு மண்ணில் எந்தக் குழியையும் விடாது. அங்கே சான்று என்பது கூழாங்கற்கள் பரவிய தரை ஒரு நேர்கோட்டில் சட்டென்று நின்றுபோவது. மக்கள் நடந்து தேய்ந்த பகுதிக்கும் தேயாத பகுதிக்கும் உள்ள வேறுபாடு. இறவாணத்திலிருந்து சொட்டிய மழைநீர் அரித்த மெல்லிய பள்ளம். அக்கால வழக்கப்படி குறுகிய குழிகளாக வெட்டிப் பார்த்தால் இவற்றில் ஒன்றும் புலப்படாது. பரந்த பரப்பை ஒரே நேரத்தில் திறந்து, கொத்துக்கரண்டியும் தூரிகையும் கொண்டு சுத்தம் செய்து, கல் கல்லாக வரைபடம் எடுத்த பிறகே அடுத்த அடுக்குக்கு இறங்க வேண்டும் என்று பார்க்கர் வற்புறுத்தினார். பிரிட்டிஷ் அகழாய்வு முறையையே மாற்றியவர்களில் அவர் ஒருவர்.

அந்தப் பொறுமைக்குக் கிடைத்த பலன் பெரியது. வெறும் புல்வெளியாகத் தெரிந்த முற்றம் கட்டடங்களால் நெருங்கிக் கிடந்திருக்கிறது. ரோஜரின் காலத்துக் கட்டடங்கள் கனத்த மரங்களால் ஆனவை. மேட்டின் அடிவாரத்தில், பாலம் தொடங்கும் இடத்தில், மாடியுடன் இருந்திருக்கக்கூடிய ஒரு பெரிய கட்டடம் நின்றது. பாலம் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் புதிதாகக் கட்டப்பட்டிருந்தது. 1095இல் வேல்ஸ் வீரர்கள் மான்ட்காமரி கோட்டையைப் பிடித்து, ரோஜரின் மகன் ஹியூ பிரபுவின் காவற்படையைக் கொன்றதாக ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. 1102இல் ரோஜரின் மூத்த மகன் ராபர்ட் டி பெல்லெம் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஹென்றிக்கு எதிராகக் கலகம் செய்து நிலங்களை இழந்தார். கோட்டை பால்ட்வின் டி புலேர்ஸ் என்பவருக்குப் போய், அவருடைய வழியினரிடம் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை இருந்தது. அந்த ஒரு நூற்றாண்டில் முற்றம் முன்னிலும் நெருக்கமானது. சிறிய கட்டடங்கள், ஒரு வழிபாட்டுக்கூடம், நீர்த்தொட்டி ஆகியவை இடத்தை அடைத்துக்கொண்டன. பெரும் பிரபுவின் எல்லைப்படை நிலையமாகத் தொடங்கியது, நடுத்தர நிலவுடைமைக் குடும்பம் ஒன்று தலைமுறைகளாக வாழும் இடமாக மாறியதன் சாயல் இது.

இத்தனை கட்டடங்கள் இருந்தும், கிடைத்த பொருள்கள் மிகச் சொற்பம். செல்வச் செழிப்பைக் காட்டும் எதுவும் பெரிதாக இல்லை. கோட்டை என்றால் ஆடம்பரம் என்ற படிமத்தோடு இங்கே வருபவர்கள் ஏமாந்துதான் போவார்கள். எல்லைப்புறக் கோட்டை வாழ்க்கை கடினமானது, நெருக்கடியானது. மதிப்புள்ள பொருள்கள் பிரபுவோடு வந்தன, பிரபுவோடு போயின. அகழாய்வு மட்டுமே இருந்து ஆவணங்கள் இல்லாமல் போயிருந்தால், இந்த இடத்தின் உரிமையாளர்கள் எவ்வளவு பெரிய மனிதர்கள் என்பதை யாராலும் ஊகித்திருக்க முடியாது. வறிய பொருள்களைக் கண்டதும் வறிய மக்கள் என்று முடிவு கட்டும் பழக்கத்துக்கு இது நல்ல எச்சரிக்கை.

1223இல் மூன்றாம் ஹென்றியின் அரசு, இன்றைய மான்ட்காமரி ஊருக்கு மேலே உள்ள பாறை முகட்டில் கற்கோட்டை ஒன்றைக் கட்டத் தொடங்கியது. பழைய கோட்டையின் முதன்மை அத்துடன் போயிற்று. ஆனால் அது உடனே கைவிடப்படவில்லை. ஆற்றுத்துறையை நேரடியாகக் கண்காணிக்கும் வசதி பாறை முகட்டைவிட அதற்கே இருந்ததால், 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை அங்கே ஆட்கள் இருந்தார்கள். ஆக, தற்காலிகம் என்று பாடநூல்கள் தள்ளிவிட்ட மரக்கோட்டை இரண்டு நூற்றாண்டுகள் பயன்பாட்டில் இருந்திருக்கிறது. அந்தக் காலம் முழுவதும் அதைக் கல்லுக்கு மாற்ற யாரும் முயலவில்லை. மரக்கோட்டையைக் கற்கோட்டையின் பக்குவப்படாத முன்வடிவமாகப் பார்க்கும் பார்வை, கல் மட்டும் மிஞ்சியதால் நமக்கு வந்த பிழை என்று பார்க்கரும் ஹையமும் வாதிட்டார்கள். அவர்கள் வாதம் சரி என்றே நான் நினைக்கிறேன். மரக்கோட்டை தனக்கென்று தொழில்நுட்பமும் அழகும் செலவும் கொண்ட தனி மரபு. அதைக் கட்டிய தச்சர்களின் பெயர்களில் மிகச் சிலவே பதிவாகியிருப்பதால் அந்த மரபின் பெருமை குறைந்துவிடாது.

இந்த மேடுகளைக் காப்பதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கற்சுவர் இடிந்தால் கண்ணுக்குத் தெரியும்; கம்பக்குழி அழிந்தால் தெரியாது. மரங்களின் வேர்கள் அடுக்குகளைத் துளைக்கின்றன. முயலும் பேட்ஜர் என்னும் வளைவிலங்கும் மேட்டின் பக்கங்களைக் குடைகின்றன. முற்றங்களில் ஆண்டுதோறும் ஓடும் கலப்பை, விரல்கடை ஆழமே உள்ள தரைத் தடங்களை ஒரே பருவத்தில் கலைத்துவிடும். மேடு உயர்ந்து நிற்பதால் சட்டப் பாதுகாப்பு அதற்கு எளிதில் கிடைக்கிறது. மக்கள் உண்மையில் வாழ்ந்த முற்றம்தான் பெரும்பாலும் வயலோடு வயலாகக் கரைகிறது. ஹென் டோமன் முற்றத்தின் தென்பாதி இன்னும் தோண்டப்படாமல் இருக்கிறது. வடபாதியைப் படிக்க ஒரு தலைமுறை உழைத்தது. இன்னும் நுட்பமான கருவிகளோடும் அதே பொறுமையோடும் வருபவர்களுக்காக அந்த மண் கலையாமல் இருக்க வேண்டும்.